தனியா தொழில் பண்றவங்களுக்கு எது பெட்டர்: டைமரா, ஆளா?

தனியாளா பிசினஸ் பண்ணும்போது ஏன்னு கேக்க மேல ஒருத்தரும் இல்ல, அதனாலதான் பில்லு போடுறது, பாக்கி கேக்குறது, ஜிஎஸ்டி எல்லாம் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போகுது. இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பொமோடோரோ, 1980கள் கடைசில பிரான்செஸ்கோ சிரில்லோ கொண்டு வந்தது, 25 நிமிஷம் டைமர் வச்சு ஒரே வேலை, அப்புறம் 5 நிமிஷம் பிரேக். இன்னொண்ணு, வேற ஒரு ஆள்கிட்ட வாக்கு குடுக்குறது. ஒண்ணுதான்னா நான் ஆள் பக்கம்தான்.

டிசைன், தையல் மாதிரி வேலைக்கு டைமர் அருமை, ஆரம்பிக்கத்தான் மலைப்பு, 25 நிமிஷம்தானேன்னு உக்காந்தா ஓடிரும். ஆனா பயத்துல தள்ளிப்போடுற வேலைக்கு அது பத்தாது, ஆஃப் பண்ணிட்டு எந்திரிச்சு போயிரலாம், யாரு பாக்கப்போறா? பாக்கி கேட்டு கஸ்டமருக்கு போன் பண்றது அந்த ரகம். அதுக்கு, நம்மள மாதிரியே தனியா கடை நடத்துற ஃப்ரெண்டுக்கு காலைலயே "இன்னைக்கு மூணு மணிக்குள்ள கேட்டுருவேன்"னு வாட்ஸப்ல வாய்ஸ் நோட் போட்டுடணும், மூணு மணிக்கு அவங்க "என்னாச்சு அக்கா, கேட்டீங்களா"ன்னு கேக்கணும். வீட்டு ஆளுங்கள வச்சு இத பண்ணாதீங்க, சண்டைலதான் முடியும்.

ஜிஎஸ்டிக்கு ரெண்டும் வேணும். மாசாமாசம் ரிட்டர்ன் போடுறவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது அந்த மாச வரிக் கணக்கு காட்டுற ரிட்டர்ன், அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள போடணும், தாண்டுனா ஒரு நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீ, வரி பாக்கி இருந்தா வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி வேற. அதனால பில்லெல்லாம் எந்த தேதில தருவீங்கன்னு முன்னாடியே ஆடிட்டர்கிட்ட சொல்லிடுங்க, பில்லு அடுக்குறத மட்டும் டைமர் வச்சு முடிங்க.