கூடத்துக்கு ஆத்தங்குடி கல் போட்டோம்: நான்கு மாதம் புழங்கிய பிறகு எழுதுகிறேன்

உறையூரில் எங்கள் வீடு அப்பா 1978இல் கட்டியது. கூடத்தில் சிவப்பு சிமென்ட் தரை. நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்த தரை நடுவில் வெடித்து, அம்மாவின் கால் விரல் இரண்டு முறை அதில் இடறிய பிறகுதான் வீட்டில் கை வைத்தோம். மாசியில் குழாய், பாத்ரூம், வயரிங் என்று ஆரம்பித்து வைகாசியில் தரைக்கு வந்தோம். பெயின்டரின் கடைசி கோட்டும், சுவிட்ச் போர்டு மாட்டுவதும், ஆசாரியின் கதவு வேலையும் தரைக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டோம். அந்த வரிசைதான் நான் செய்த பெரிய தப்பு. அதற்கு வருகிறேன்.

ஆத்தங்குடி கல் என்பது கையால் வார்க்கும் பூப்போட்ட சிமென்ட் தரைக்கல். அதை நேரில் பார்த்துத்தான் வாங்கினேன். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகப் போனால் ஆத்தங்குடி. ஊருக்குள் நுழைந்தாலே பட்டறைகள் தெரியும். நான் போன பட்டறையில் ஒருவர் உட்கார்ந்தபடியே கல் வார்த்துக்கொண்டிருந்தார். சதுரமான கண்ணாடித் துண்டைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்தார். சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. சாயப் பொடி கலந்த சிமென்ட் கரைசலைச் சின்னக் கரண்டியால் மொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றினார். இதழுக்குச் சிவப்பு, ஓரத்துக்குப் பச்சை, நடுவில் மஞ்சள். அச்சை அப்படியே நேராக மேலே தூக்கினார், ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கவில்லை. மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு, கரணையால் வழித்துவிட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன், அவருக்கு அது அன்றைய எத்தனையாவது கல்லோ.

இதைச் சூளையில் சுடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து இறுக விடுகிறார்கள். கண்ணாடியை எடுத்ததும் பூப்பக்கம் கண்ணாடி மாதிரியே வழவழவென்று இருக்கும். சுடாத சிமென்ட் கல் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதன் நல்லது கெட்டது இரண்டும் அதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் கூடம் 240 சதுர அடி. 10 அங்குலக் கல்லாகக் கணக்குப் பார்த்தால் சுமார் 346 வேண்டும். 380 வாங்கினேன். ஒரு டன்னுக்கு மேல் வரும், குட்டி யானையில் ஏற்ற வேண்டாம் என்று பட்டறைக்காரரே சொல்லி, பெரிய வண்டி பேசிவிட்டார். கற்களை நெட்டாக நிறுத்தி, இடையிடையே வைக்கோல் வைத்து அனுப்பினார்கள். வந்ததில் உடைந்தது ஆறுதான். கல்லுக்குச் சதுர அடி 70 ரூபாய், பதிக்கும் கூலி 50 ரூபாய் கொடுத்தேன். மணல், சிமென்ட், வண்டி வாடகை எல்லாம் தனி.

பதிக்க அந்தப் பக்கத்து ஆட்களையே கூப்பிடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கடை டைல்ஸ் போடுகிறவர்கள் பசை தடவி, இடைவெளிக் கட்டை வைத்துப் பழகியவர்கள். இது கனமான கல், கையால் வார்ப்பதால் ஒன்றுக்கொன்று தடிமனில் நூல் அளவு வித்தியாசம் இருக்கும். எங்களுக்கு வந்த பெரியவர் நூல் பிடித்து, கலவையைக் கெட்டியாகப் பரப்பி, ஒவ்வொரு கல்லையும் வைத்துக் கரணையின் மரப்பிடியால் நான்கு தட்டு தட்டி, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ரசமட்டம் பக்கத்திலேயே கிடந்தது, அதை அவர் கடைசியில்தான் எடுத்தார். “கை சொல்லிரும்மா” என்றார். மூன்றரை நாளில் கூடம் முடிந்தது. இடுக்கெல்லாம் வெள்ளை சிமென்ட்டில் சாயம் கலந்து அடைத்து, உமியைக் கொட்டித் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவிக் காட்டினார். மங்கிக் கிடந்த சிவப்பு ஒரே துடைப்பில் குங்குமம் மாதிரி எழுந்து வந்தது. அம்மா வாசற்படியில் நின்றபடி, “தம்பி, இன்னொரு தடவை தேய்ங்க” என்று கேட்டு மறுபடி பார்த்தார்.

அந்த நாட்களில் நாங்கள் பின்னறையில் குடித்தனம் நடத்தினோம். ஃபிரிட்ஜும் கட்டிலும் பீரோவும் ஒரே அறையில். கொல்லைத் தாழ்வாரத்தில் இண்டக்‌ஷன் அடுப்பு. கூடத்தில் கால் வைக்கக் கூடாது என்பதால் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி வாசலுக்கு வர வேண்டும். அம்மாவுக்கு 74 வயது. இரவில் அந்தச் சந்தில் டார்ச் பிடித்து அவரை அழைத்து வந்தது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் இந்த ஒரு வாரத்துக்காவது அவர்களை உறவினர் வீட்டில் விடுங்கள்.

சரி, தப்புக்கு வருகிறேன். தரை முடிந்த பிறகு பெயின்டர்கள் வந்தார்கள். அம்மாவின் பழைய நூல் புடவைகளைத் தரை முழுக்க விரித்திருந்தேன். பெயின்ட் புடவையைத் தாண்டி இறங்கியது. ஜன்னல் ஓரம் பொட்டுப் பொட்டாக வெள்ளைக் கறை. அதை எடுக்க ஒரு கிளீனிங் சர்வீஸைக் கூப்பிட்டேன். இது சிமென்ட் கல் என்று போனிலும் சொன்னேன், நேரிலும் சொன்னேன். நான் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க உள்ளே போன நேரத்தில் ஆசிட்டை ஊற்றிவிட்டார்கள். திரும்பி வந்தபோது தரையில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் பக்கெட் தண்ணீரைக் கொட்டினேன். ஏழு கல்லில் வழவழப்பு போய்விட்டது. விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, பூவின் பச்சை சாம்பலாக வெளுத்துவிட்டது. அன்று நான் அழுதேன்.

மிச்சம் 22 கல் இருந்ததால் தப்பித்தேன். பெரியவரே மறுபடி வந்து ஏழையும் பக்கத்துக் கல் அசையாமல் கொத்தி எடுத்து மாற்றிக் கொடுத்தார், பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான் வாங்கினார். அதனால்தான் சொல்கிறேன்: பட்டி, பிரைமர், கடைசி கோட், கதவு எல்லாம் முடிந்த பிறகு தரைக்கு வாருங்கள். கதவை மட்டும் தரை உயரத்தைக் கணக்குப் பண்ணி மாட்டச் சொல்லுங்கள். கலவையும் கல்லும் சேர்ந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் எழும்பும். நாங்கள் பழைய தரையைத் தோண்டி எடுத்தும் பூஜை அறைக் கதவின் அடியை ஆசாரி சீவ வேண்டி வந்தது.

இன்னொன்று. பதித்து இரண்டு வாரத்தில் அங்கங்கே வெள்ளையாக உப்பு பூத்தது. பயந்துபோய் போன் செய்தேன். ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துக் காய விடுங்கள், மேலே பிளாஸ்டிக் எதையும் விரிக்காதீர்கள் என்றார் பெரியவர். ஒன்றரை மாதத்தில் அடங்கிவிட்டது.

சமையலறைக்கு இந்தக் கல் வேண்டாம். புளித்தண்ணீர், எலுமிச்சை, மோர் எது சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தடம் விழுகிறது. நம் சமையலறையில் அது நடக்கிற காரியமில்லை. அங்கேயும் பாத்ரூமிலும் சாதாரண சொரசொரப்பு டைல்ஸ்தான் போட்டிருக்கிறோம். கூடத்துக்கும் பூஜை அறைக்கும் இதைத் தாராளமாகப் போடலாம். மஞ்சள் கறை மட்டும் பட்டால் போக நாளாகிறது.

தினமும் வெறும் தண்ணீர் தொட்டுத் துடைக்கிறேன், பினாயில் கிடையாது. முதல் மாதம் வாரம் இரண்டு முறை எண்ணெய் போட்டேன், இப்போது பதினைந்து நாளைக்கு ஒரு முறை. எண்ணெய் போட்ட அன்று வழுக்கும். அதனால் அம்மா படுத்த பிறகு போட்டு, அவர் எழுவதற்குள் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுகிறேன். மற்ற நாளில் வழுக்கவில்லை, காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. மதியம் அம்மா பாயைக்கூட விரிக்காமல் தரையிலேயே படுக்கிறார்.

ஜன்னல் ஓரத்து ஏழு கல் மட்டும் இன்னும் மற்றதோடு சேரவில்லை. நடந்து நடந்துதான் நிறம் ஏறும் என்றார் பெரியவர். ஜன்னல் பக்கம் யாரும் அவ்வளவாக நடப்பதில்லை என்று, அம்மா இப்போது தன் நாற்காலியை அங்கே நகர்த்திப் போட்டுக்கொண்டிருக்கிறார்.