அத்தையின் எட்டுக் கோப்பையும் ஜமோவியும்

சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். பகுதிநேரமாக முதுகலையும் படிக்கிறேன். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் வேண்டுமென்றால் வளாக ஆய்வகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். போனாலும் பாதிக் கணினி திறக்காது. அதனால்தான் அதே வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஜமோவி மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் போட்டேன். என் கருத்தாய்வில் முக்கால்வாசி ஆம், இல்லை கேள்விகள்தான். ஜமோவியை நம்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கில் சோதித்துப் பார்க்க நினைத்தேன்.

பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற என் அத்தை, தேநீர்க் கோப்பையில் டின் பால் முதலில் விழுந்ததா, தேயிலைச் சாயம் முதலில் விழுந்ததா என்று குடித்தே சொல்லிவிடுவாராம். 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒரு பெண்மணி இதையே சொல்லப்போய்த்தான் புள்ளியியலாளர் ஃபிஷரின் புகழ்பெற்ற சோதனை பிறந்தது. சரி, நாமும் பார்ப்போம் என்று ஒட்டுக்கடை அண்ணனிடம் எட்டுக் கோப்பை போடச் சொன்னேன்: நான்கில் பால் முதலில், நான்கில் சாயம் முதலில். இழுத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும், கரண்டியால் கலக்கினால் போதும் என்பது அத்தை போட்ட நிபந்தனை. பால் முதலில் என்று அவர் சொன்ன நான்கில் மூன்று சரி, ஒன்று தவறு.

ஜமோவியில் எனக்கு மிகவும் பிடித்தது ‘கவுண்ட்ஸ்’ பெட்டி. எட்டு வரி தட்ட வேண்டாம். ஊற்றியது, சொன்னது, எத்தனை என்று நான்கு வரி (3, 1, 1, 3) போதும். பெட்டியில் குறி போட்டதும் பக்கத்திலேயே விடை வந்து நிற்கிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஓகே அமுக்கிக் காத்திருந்து பழகியவளுக்கு இது பெரிய சுகம்.

குறை இதுதான். தானாகக் குறியிட்டு வருவது, ஊற்றியதற்கும் சொன்னதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனை மட்டும். அது 2.00, பி மதிப்பு (வெறும் யூகத்திலேயே இப்படி அமையும் வாய்ப்பு) 0.157 என்கிறது. வெறும் யூகமென்றால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஒவ்வொரு கட்டத்திலும் 2தான். அவ்வளவு சின்ன அட்டவணைக்கு அந்தச் சோதனை பொருந்தாது. சின்ன அட்டவணைக்கு ஏற்ற ஃபிஷர் சோதனையின் பெட்டியை நாமே தேடிக் குறி போட்டால் பி மதிப்பு 0.486. எஸ்பிஎஸ்எஸ்ஸோ இரண்டுக்கிரண்டு அட்டவணையில் கை-ஸ்கொயர் கேட்டாலே ஃபிஷரையும் சேர்த்துக் கொடுத்துவிடும். எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்குக் குறைவான கட்டங்கள் எத்தனை என்று அடியில் குறிப்பும் போடும். அந்த விஷயத்தில் அது கண்டிப்பான தலைமையாசிரியை மாதிரி.

தொடர்பு எவ்வளவு வலு என்பதற்கு ஃபை என்ற அளவின் பெட்டி தனியாக இருக்கிறது. 0.50 வந்தது. “பாதிக்குப் பாதி சரியா?” என்றார் அத்தை. இல்லை அத்தை, 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு, நீங்கள் நடுவில் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அப்புறம் ஆட்ஸ் ரேஷியோ, அதாவது இரண்டு சாதக விகிதங்களில் ஒன்று மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்பது. கையால் போட்டால் மூன்றை மூன்றால் பெருக்கி, ஒன்றை ஒன்றால் பெருக்கியதால் வகுத்து, 9. ஜமோவிக்குள்ளேயே ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் கட்டளை எழுத ஆர்ஜே என்ற இணைப்பு உண்டு. அதில் ஃபிஷர் கட்டளை 6.41 என்றது. தவறு என் பக்கம்தான் என்று அரைமணி நேரம் தேடினேன். தவறே இல்லை, ஆர் மதிப்பிடும் முறை வேறு. இரண்டில் எதைப் போட்டோம் என்று ஆய்வேட்டில் எழுதிவிட வேண்டும். நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 0.21-இலிருந்து ஏறக்குறைய 622 வரை! எட்டுக் கோப்பையில் என்னதான் தெரியும்?

அத்தை விடுவதாக இல்லை. அடுத்த ஞாயிறு பன்னிரண்டு கோப்பையாம். பால் முதலில் ஆறு, சாயம் முதலில் ஆறு. அந்த ஆறில் ஒன்று தவறினாலும் ஒருபக்கப் பி மதிப்பு (சரியாகச் சொல்லும் பக்கத்தை மட்டும் எண்ணுவது) 0.04. காசு யார் கொடுப்பது என்றுதான் ஒட்டுக்கடை அண்ணன் கேட்கிறார்.