கிராங்க்கைச் “சீவித் தருகிறோம்” என்பவரிடம் இன்ஜினைக் கொடுக்கும் முன்

ஒன்பது குதிரைத்திறன் கூடியதாகச் சொல்லும் ஒரு தாள் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அந்தத் தாளுக்கு நான் கொடுத்த விலை ஒரு கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), ஒரு செட் பேரிங், நான்கு மாதம். பட்டறையின் பெயர் வேண்டாம். நடந்த வித்தையை மட்டும் எழுதுகிறேன். வேறு எங்கே பார்த்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

முதலில் நான் ஏன் போனேன் என்பது. என்னுடையது இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். டிராக்கில் மட்டும் ஓட்டுவது, 7500 ஆர்.பி.எம். வரை ஏறும். அந்த வேகத்தில் கிராங்க் ஒரு நொடிக்கு 125 தடவை சுற்றுகிறது. கிராங்க்கில் எதிரெடையாக இருக்கும் கவுன்டர்வெயிட்டின் வெளி விளிம்பு மையத்திலிருந்து சுமார் 80 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்றால், அந்த விளிம்பு மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. பறப்பது வெறும் காற்றிலா? பேரிங் ஓரங்களில் பிதுங்கும் ஆயில், ஹெட்டிலிருந்து வடிந்து இறங்கும் ஆயில், அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் அலையடிக்கும் ஆயில் எல்லாம் சேர்ந்து உள்ளே ஒரு புயல் மழை. அதைக் கிழித்துக்கொண்டு சுற்றுவதற்கே திறனில் ஒரு பங்கு போய்விடும். வேகம் இரட்டித்தால் காற்றுத் தடைக்குப் போகும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பதால், ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு இது கவலையே இல்லை, எங்களுக்குத்தான் தலைவலி. இதைத்தான் விண்டேஜ் என்கிறார்கள். தமிழில் எழுதினால் பழைய காருக்குச் சொல்லும் விண்டேஜும் இதுவும் ஒன்றாகத் தெரியும். இது காற்றடிப்பு.

திறன் போவதைவிட மோசமானது, ஆயிலில் காற்று கலந்து நுரைப்பது. நுரை பேரிங்கைத் தாங்காது.

ஆயிலை வெளியே தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் போட எனக்கு வசதியில்லை. எனவே மீதி மூன்று வேலைகள்: கிராங்க்கை ஒட்டி நின்று ஆயிலை வழித்தெடுக்கும் ஸ்கிரேப்பர், கிராங்க்குக்கும் சம்ப்புக்கும் இடையே ஆயிலைத் தடுத்துப் பிரிக்கும் தகடான விண்டேஜ் ட்ரே, கவுன்டர்வெயிட்டுகளின் விளிம்பைத் திருத்துவது. மூன்றையும் செய்து, கிராங்க்கின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங்கும் போட்டு, திறனை அளக்கும் மெஷினான டைனோவில் ஏற்றி முன்னும் பின்னும் தாள் தருவதாகப் பேச்சு.

“தம்பி, கிராங்க்கைக் கத்தி மாதிரி சீவிடுவோம். ஆயிலைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்” என்றார் உரிமையாளர். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். இப்போது யோசித்தால் அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். இந்த வேகத்தில் காற்றைக் கிழிக்க முன்பக்கம் கூராக இருக்க வேண்டியதில்லை. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் ஒடுங்கிப் போனால்தான் நல்லது. மீனின் உடம்பைப் பாருங்கள், அந்த வடிவம். அவர் முன்பக்கத்தைப் பிளேடாக்கிவிட்டு, பின்பக்கத்தைச் சதுரமாகவே விட்டிருந்தார். ஆனால் அது தெரிந்தது நான்கு மாதம் கழித்து.

வண்டி வந்த அன்று தாளைக் காட்டினார். முன்பு 172, பின்பு 181. எனக்குத் தலைகால் புரியவில்லை, இனிப்பு வாங்கிக் கொடுக்காத குறை. தாளின் கீழே பொடி எழுத்தில் இருந்த வரியை நான் படிக்கவே இல்லை. டைனோ அளக்கும் திறனை அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாவற்றுக்கும் சரிசெய்துதான் அச்சடிக்கும். அந்தச் சரிசெய்தலில் பல வகை உண்டு. ஜே1349 என்ற எஸ்.ஏ.இ. (அமெரிக்க வாகனப் பொறியாளர் அமைப்பு) முறை 25 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொள்வது. எஸ்.டி.டி. என்று அச்சாகும் பழைய முறையோ 15.6 டிகிரியையும் அதிகக் காற்றழுத்தத்தையும் வைத்துக் கணக்கிடுவதால், அதே இன்ஜினுக்குச் சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். என் முதல் தாள் எஸ்.ஏ.இ., இரண்டாம் தாள் எஸ்.டி.டி. 172-க்கு 4 சதவீதம் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 179 வந்துவிடும். கிராங்க்கைத் தொடாமலே!

மீதி இரண்டுக்கும் காரணம் தாளிலேயே இருந்தது. முதல் ஓட்டத்தில் ஆயில் வெப்பம் 62 டிகிரி, இரண்டாவதில் 101. சூடான ஆயில் இளகும், உராய்வு குறையும். போதாக்குறைக்கு, வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைவு. ஏதோ மறதி என்று நானே ஊற்றி நிரப்பினேன். ஆயில் மட்டம் குறைந்தால் கிராங்க்குக்கும் அதற்கும் இடைவெளி கூடும், டைனோவில் நல்ல எண் வரும் என்பது அப்போது உறைக்கவில்லை. காதில் பூ சுற்றுவது என்பார்களே, எனக்கு மாலையே போட்டிருந்தார்கள்.

டிராக்கில் முதல் நாளே நீண்ட வளைவில் ஆயில் அழுத்த முள் தொய்ந்தது. 5500-க்கு மேல் பெடலில் ஒரு நடுக்கம். போன் செய்தேன். “ரேஸ் இன்ஜின்னா அப்படித்தான் தம்பி, போகப் போகப் பழகிடும்.” இன்ஜின் எதற்குப் பழகும்? நான் பழகினேன், அதுதான் தப்பு. மூன்று தடவை இன்னும் ஓட்டினேன்.

சம்ப்பைக் கழற்றியபோது ட்ரே என்ற பெயரில் ஒரு தட்டைத் தகடு இருந்தது. ஆயில் இறங்க வாயில்லை, கிராங்க் சுற்றும் திசையைப் பார்த்து வெட்டிய செதில்கள் இல்லை, ஓரத்தில் வடிய இடமும் இல்லை. தகட்டின் மேலேயே ஆயில் நிற்கும், கிராங்க் அதைத் திரும்பத் திரும்ப அடித்துக் கடையும், கீழே பம்ப்பின் வாய் காய்ந்துபோகும். முள் தொய்ந்ததன் ரகசியம் அதுதான். கம்பெனி போட்டிருந்த பழைய ட்ரேயில் இவை எல்லாமே இருந்தன. அதை எங்கே என்று கேட்டால், பழைய இரும்போடு போய்விட்டதாம்.

ஸ்கிரேப்பருக்கும் கிராங்க்குக்கும் இடையே ஒரு இடத்தில் விரல் நுழையும். இன்னொரு இடத்தில், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் உரசிய பளபளப்பு. இரும்பு ஸ்கிரேப்பருக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி வைப்பது வழக்கம், ஏனென்றால் வேகத்தில் கிராங்க் வளையும், ராட் நீளும். ராடும் பிஸ்டனும் மாட்டிய பிறகு கிராங்க்கைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு இடத்திலும் அளந்துதான் அரத்தால் ராவ வேண்டும். இங்கே யாரும் ஒரு தடவைகூடச் சுற்றிப் பார்க்கவில்லை.

நடு மெயின் பேரிங்கில் மேல் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. மற்ற பேரிங் ஷெல்களில் சாம்பல் நிறப் பொடி பதிந்திருந்தது. கிரைண்டிங் தூள். கிராங்க்கின் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே பிரஷ் விட்டுக் கழுவாமல் அப்படியே மாட்டியிருக்கிறார்கள்.

பேலன்சிங் மட்டுமே செய்யும் ஒரு பெரியவரிடம் கிராங்க்கை எடுத்துப் போனேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், “இதுல புதுசா துளையே விழலையே, எப்படி பேலன்ஸ் பண்ணாங்க?” என்றார். கூடுதல் எடையைத் துளை போட்டுத்தான் குறைப்பார்கள். மெஷினில் ஏற்றினால், முன் கவுன்டர்வெயிட்டில் 14 கிராம் பிசகு. கேட்க அற்பமாக இருக்கும். 7500-ல், 80 மில்லிமீட்டர் தூரத்தில், 14 கிராம் என்பது சுமார் 70 கிலோ எடையின் இழுவிசை. நொடிக்கு 125 தடவை திசை சுற்றி இழுக்கும். என் பில்லில் பேலன்சிங் என்று ஒரு வரி இருக்கிறது, தொகையோடு. அதற்கான ரிப்போர்ட் கேட்டேன். தொடங்கியபோது எத்தனை கிராம், முடித்தபோது எத்தனை கிராம் என்று எழுதிய சாதாரண ஒரு தாள். இன்றுவரை வரவில்லை.

நீங்கள் இந்த வேலைக்கு விடுகிறீர்கள் என்றால், அந்த ரிப்போர்ட்டைப் பேச்சு முடிக்கும்போதே கேளுங்கள். டைனோ இரண்டு ஓட்டத்துக்கும் சரிசெய்யும் முறை, ஆயில் வெப்பம், டிப்ஸ்டிக் மட்டம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள், முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். சம்ப் மூடும் முன் ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள். நேர்மையான பட்டறைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். கழற்றிய சாமான் ஒன்றுவிடாமல் திருப்பி வாங்குங்கள், என் ட்ரே போன மாதிரி போகாமல்.

பணத்தைக் கேட்டபோது பாதி தருவதாகச் சொன்னார், பிறகு போனை எடுப்பதில்லை. வேறொரு கிராங்க், சீவாமல், பேலன்சிங் மட்டும் செய்து போட்டேன். உடைத்த வண்டியிலிருந்து கம்பெனி ட்ரே ஒன்று கிடைத்தது. அளந்து ராவிய ஸ்கிரேப்பர். பழைய முதல் தாளின் அதே எஸ்.ஏ.இ. முறையில், அதே ஆயில் வெப்பத்தில் ஏற்றினால் 175 வந்தது. நீண்ட வளைவில் முள் அசையவில்லை.