மாற்றியமைத்த பிரஷ் கட்டர் எஞ்சின்: வீடியோவை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

"ஆர்சி (ரேடியோவால் இயக்கும் மாதிரி) விமானத்துக்காக மாற்றியமைத்தது, ஓட்டிப் பார்த்தது, அப்படியே மாட்டலாம்" என்று சொல்லி விற்ற 26 சிசி பிரஷ் கட்டர் (புல் வெட்டும் கருவி) எஞ்சின் இது. விற்றவர் அனுப்பிய வீடியோவில் நன்றாகவே ஓடியது. வந்ததும் பிரித்துப் பார்த்தால், பறக்கவிடவே கூடாத நிலை. "ஓடுகிற எஞ்சினைத்தானே கொடுத்தேன்" என்று பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். இதே போன்ற எஞ்சின்கள் இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டிருப்பதால் என்னென்ன கோளாறு என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஹப், அதாவது விமானத்தின் விசிறியை (புரொப்பெல்லரை) எஞ்சின் ஷாஃப்டில் பிடிக்கும் பாகம். மிக ஆபத்தானதும் இதுதான். ஃப்ளைவீல் (காந்தம் பதித்த சுழல் சக்கரம்) உட்காரும் இடத்தில் கிராங்க் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழலும் தண்டு) கூம்பாக இருக்கும். விசிறி ஹப்பின் துளையையும் அதே கோணத்தில் லேத்தில் கடைந்து, கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் படிய வைக்க வேண்டும். தொடும் இடத்தைக் காட்டும் நீல மசியைத் தடவிப் பார்த்தால் கூம்பு முழுக்கப் படிந்த தடம் தெரிய வேண்டும். விசையைத் தாங்குவது அந்தப் பிடிப்புதான். கீ என்ற சிறு ஆப்பு, டைமிங்கை (பொறி எழும் நேரத்தை) இடத்தில் நிறுத்த மட்டுமே. இந்த எஞ்சினில் நேர்த்துளை போட்ட ஹப்பைக் கூம்பின் மேல் செருகி, இரண்டு கிரப் ஸ்க்ரூவால் (தலையில்லாத சிறு திருகு) இறுக்கியிருந்தார்கள். ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு வெடிப்பிலும் ஷாஃப்டை வெட்டி இழுக்கும். ஸ்க்ரூ முனை உலோகத்தைத் தோண்டித் தளரும். நிமிடத்துக்கு 7000 சுற்றில் விசிறி கழன்று பறக்கும். டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் ஹப் முகம் 0.6 மி.மீ. ஆடியது. 0.1 மி.மீ.க்கு மேல் ஆடுகிற ஹப்பை ஏற்கவே கூடாது.

வீடியோவில் இது ஏன் தெரியவில்லை? மாட்டியிருந்தது 13 அங்குல விசிறி. சுமையே இல்லாததால் எந்த எஞ்சினும் உற்சாகமாகச் சுற்றும். 26 சிசிக்கு 16×8 அல்லது 17×6 விசிறி (அங்குலத்தில் விட்டம் × ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) மாட்டி, டேக்கோமீட்டர் (சுற்று அளக்கும் கருவி) காட்டி, முழுத் த்ராட்டிலில் 2 நிமிடம் ஓடும் வீடியோ கேளுங்கள். முதல் அரை நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு சுற்று குறைந்தால், கலவை மெலிந்து சூடேறுகிறது என்று பொருள்.

அடுத்தது ஃப்ளைவீல். எடை குறைப்பதற்காக அதிலுள்ள குளிர்விக்கும் தகடுகளைக் கடைந்து எடுப்பது சரிதான். ஆனால் காந்தத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள எதிர் எடையையும் சேர்த்து வழித்திருந்தார்கள். அதிர்வு தாங்காமல் காந்தத்தின் அருகே மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறது. விரிசல் விட்ட ஃப்ளைவீலைச் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

பேரிங்கையும் கேட்டு வாங்குங்கள். விசிறி எஞ்சினை முன்னோக்கி இழுக்கும். அந்த அச்சு விசையைப் பந்து பேரிங் தாங்கும். மலிவான சில பிரஷ் கட்டர்களில் ஊசி பேரிங் மட்டுமே இருக்கும், அது தாங்காது. ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், கையில் ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். ஃப்ளைவீலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஹப் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சுழற்சி தலைகீழாகிவிடும். சாதாரண விசிறி பின்னோக்கித் தள்ளும்; எதிர்த்திசையில் சுழலச் செய்த புஷர் விசிறிதான் பொருந்தும்.

இக்னிஷன், அதாவது பொறி எழுப்பும் அமைப்பு. காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையே 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இல்லையென்றால் விசிட்டிங் கார்டு போதும். இங்கே காயில் காந்தத்தில் உரசிக்கொண்டிருந்தது. நிறுத்தும் கம்பியையும் வெட்டி எறிந்துவிட்டார்கள். த்ராட்டில் இணைப்பு விட்டுப்போனால் இந்த எஞ்சினை நிறுத்த வழியே இல்லை. காயிலின் பிரைமரியை எர்த் செய்யும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும், அதையும் ரேடியோவிலிருந்து இயக்க முடிந்தால் நல்லது. ஸ்பார்க் பிளக் ரேடியோ இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் வகையாக இருக்க வேண்டும். இதில் இருந்தது சாதாரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ என்றாலும் ரிசீவரை இக்னிஷனிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். த்ராட்டில் தண்டு நைலானாக இருக்கட்டும், உலோகக் கம்பி மின் இரைச்சலை நேராக சர்வோவுக்குக் கொண்டுபோகும்.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் கருப்புப் பிளாஸ்டிக் கட்டை வெப்பத் தடுப்பு. அதை எடுத்துவிட்டு அலுமினியம் வைத்திருந்தார்கள், பளபளப்பாகத் தெரியும் என்பதற்காகவோ என்னவோ. சூடேறியதும் பெட்ரோல் கார்புரேட்டருக்குள்ளேயே ஆவியாகி எஞ்சின் அணைந்துவிடும். அந்த அலுமினியத் துண்டில் பல்ஸ் துளையும் சரியாகப் பொருந்தவில்லை. கிராங்க்கேஸ் அழுத்தம் அந்தத் துளை வழியே போனால்தான் டயாஃப்ரம் (சவ்வு) பம்ப் எரிபொருளை இழுக்கும். கலவையைச் சரிசெய்யும் H (அதிவேக), L (குறைவேக) ஊசிகளை முழுதாக மூடி ஒன்றேகால் சுற்று திறந்து தொடங்குவது வழக்கம். இங்கே எவ்வளவு திருகினாலும் ஐடில் (த்ராட்டில் மூடிய நிலையில் ஓடும் வேகம்) ஏறி இறங்கியது. கிராங்க்கேஸை அடைத்து 0.5 பார் அழுத்தம் ஏற்றிப் பார்த்தபோது சில நொடிகளில் இறங்கிவிட்டது. சீல் கசிந்து காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது.

வாங்கும் முன் மஃப்ளரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியே பிஸ்டனின் படம் கேளுங்கள். செங்குத்துக் கீறல்கள் தெரிந்தால், எண்ணெய் கலக்காமலோ மிகக் குறைவாகக் கலந்தோ ஓட்டிய எஞ்சின் அது. 32:1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 31 மி.லி. டூ ஸ்ட்ரோக் எண்ணெய். கம்ப்ரஷன் 6 பாருக்குக் கீழ் இருந்தால் விலை எதுவானாலும் விட்டுவிடுங்கள். கூடவே கொடுத்த டேங்கில் சிலிக்கான் குழாய் இருந்தது. அது நைட்ரோ எரிபொருளுக்கானது. பெட்ரோல் பட்டால் ஊதி, மென்மையாகி, டேங்குக்குள்ளேயே கழன்றுவிடும். பெட்ரோலைத் தாங்கும் டைகான் குழாயும் பெட்ரோலுக்கான ஸ்டாப்பரும் (டேங்கின் ரப்பர் அடைப்பான்) போடுங்கள்.

அந்த எஞ்சினில் இப்போது மிஞ்சியது கார்புரேட்டர் உடலும் காயிலும்தான். ஸ்க்ரூ தோண்டிய ஷாஃப்டில் இனி எந்த ஹப்பும் சரியாகப் பிடிக்காது.