ஸ்போக்கன் இங்கிலீஷ்: கிளாஸா, ரேடியோவா, டோஸ்ட்மாஸ்டர்ஸா?

ஆங்கிலம் பேச வேண்டும் என்றதும் நாம் தேடுவது பக்கத்துத் தெரு கிளாஸைத்தான். நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். 30 பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேர வகுப்பில் ஆளுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 2 நிமிடம். ஆசிரியர் டென்ஸ் நடத்த ஆரம்பித்தால் அதுவும் போச்சு.

தொடக்க நிலையில் முதலில் பழக வேண்டியது காது. முதுகு (back), தோளில் மாட்டும் பை (bag), மூட்டை கட்டுவது (pack) என்று மூன்றையும் நாம் 'பேக்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அவை மூன்று வேறு சொற்கள், மூன்று வேறு ஒலிகள். 'ரெக்கார்டு' பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் முதல் அசையில், வினையாக வந்தால் இரண்டாம் அசையில். இதெல்லாம் நோட்டில் எழுதி வராது, கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-ல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' நிகழ்ச்சி இப்படிப்பட்டவர்களுக்காகவே அமைந்தது. சுமார் 1,500 அடிப்படைச் சொற்கள், சின்ன வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அது பிடிபட்டதும் பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' கேட்கலாம். எழுத்து வடிவமும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு போனால் மட்டும் போதாது. ஒரு வாக்கியம் கேளுங்கள், நிறுத்துங்கள், அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லுங்கள். போனில் பதிவு செய்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். தினமும் 20 நிமிடம் இப்படிச் செய்பவருக்கு நாக்கு திரும்பிவிடும். இதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ரேடியோ நம்மிடம் திருப்பிக் கேள்வி கேட்காது. அங்கேதான் கிளாஸ் உதவும். கூடவே தப்புத் தப்பாகப் பேசுகிறவர்கள் நடுவில் கூச்சம் உடையும். பணம் கட்டும் முன் ஒருநாள் உள்ளே உட்கார்ந்து, மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் வேறு இடம் தேடலாம்.

1924-ல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய, மேடைப் பேச்சு பழகும் அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸுக்குச் சென்னையிலும் கிளப்கள் உண்டு. அங்கே திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து, ஓரிரு நிமிடம் பேசச் சொல்வார்கள். நாம் எத்தனை முறை 'ஆ', 'ம்' என்று இழுத்தோம் என எண்ணவே ஒருவர் இருப்பார். வாக்கியம் கோக்கத் தடுமாறுகிறவர் அங்கே போனால் பயந்துவிடுவார். சரளம் வந்தவருக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே குறை, அது மேடைப் பேச்சு. சாதாரண அரட்டைக்கு, வாரம் இரண்டு முறை ஆங்கிலத்திலேயே போன் பேசச் சம்மதிக்கும் ஒரு நண்பர் வேண்டும்.