“போடப் போட லூஸாகிடும்” என்று சொல்லி விற்கும் ஷூவை வாங்காதீர்கள்

ஓட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. அதில் நான்கு மாதம் வலியோடு ஓடினேன். அடுத்த இரண்டு மாதம் ஓடவே முடியாமல் வீட்டில் இருந்தேன். என் காலில்தான் ஏதோ கோளாறு என்று அவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்ப வைத்தது ஷூ விற்ற கடை. அதே பேச்சை நம்பி இன்னொருவர் காலைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஓடுவதற்கென்று நல்ல ஷூ வேண்டும், எட்டாம் எண் என்று கேட்டேன். நான் எப்போதும் போடுவது யூகே 8, அதாவது பிரிட்டிஷ் அளவில் எட்டு. கடைக்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். போட்டதுமே பெருவிரல் முன்னால் இடித்தது, சுண்டுவிரல் பக்கம் இறுக்கிப் பிடித்தது. சொன்னேன். அவர் குனிந்து முன்பக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, “ஸ்போர்ட்ஸ் ஷூ காலைக் கவ்வித்தான் சார் இருக்கணும், போடப் போட லூஸாகிடும்” என்றார். அடுத்த அளவு இருக்கிறதா என்று கேட்டதற்கு, அது பெரிதாகி கால் வழுக்கும் என்றார். ஸ்டாக் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. இத்தனை பேருக்கு விற்றவர், தெரிந்துதான் சொல்வார் என்று வாங்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம் பெருவிரல் நகம் கறுத்தது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நகம் ஷூவின் முன்சுவரில் மோதி, அடியில் இரத்தம் கட்டியிருக்கிறது. அப்புறம் முன்பாதத்தில், மூன்றாவது விரலுக்கும் நான்காவது விரலுக்கும் நடுவில் ஒரு எரிச்சல். உள்ளே சின்னக் கல் ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஷூவைக் கழற்றி உதறினால் ஒன்றும் விழாது. பத்து நிமிடம் ஓடினால் அந்த இரண்டு விரலும் மரத்துப் போகும். கழற்றிப் பிடித்துவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

மறுபடி அந்தக் கடைக்கே போனேன். இங்கேதான் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. காலைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத் தட்டைப் பாதம், அதான் வலிக்குது” என்று சொல்லி, தடிமனான ஒரு இன்சோலை விற்றார்கள். அளந்து பார்க்கவில்லை. நடக்கச் சொல்லியும் பார்க்கவில்லை. ஏற்கெனவே இடமில்லாத ஷூவுக்குள் அதைப் போட்டால் என்ன ஆகும்? பாதம் மேலே ஏறி, விரல்கள் இன்னும் நசுங்கின. வலி இரட்டிப்பானது. அதையும் பழகப் பழகச் சரியாகும் என்று ஒரு மாதம் பொறுத்தேன்.

கடைசியில் எலும்பு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. முன்பாதத்தை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து, விரல்களின் நடுவில் அழுத்தினார். உயிர் போய் வந்தது. விரல்களுக்கு நடுவே போகும் நரம்பு நெரிபட்டுத் தடித்திருக்கிறது, மார்ட்டன் நியூரோமா என்றார். என் பாதம் தட்டையும் இல்லையாம். ஷூவைக் கையில் வாங்கி, நாக்கைத் தூக்கி, உள்ளே தைத்திருந்த சீட்டைக் காட்டினார். யூஎஸ் 8, யூகே 7, அதன் கீழே 26 செ.மீ. நான் கேட்ட எட்டுக்கு அமெரிக்க அளவான யூஎஸ் எட்டைக் கொடுத்திருக்கிறார்கள். யூகே அளவில் ஒரு எண் குறைந்தால் நீளத்தில் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் போய்விடும். என் வலது கால் 26.7 செ.மீ.

ஷூவையும் இன்சோலையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது முறை போனேன். அடிப்பகுதி தேய்ந்துவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். சீட்டைக் காட்டினேன். “நீங்கதானே போட்டுப் பார்த்து வாங்குனீங்க” என்பதுதான் பதில்.

போடப் போட லூஸாகும் என்பது தோல் செருப்புக்கு ஓரளவு பொருந்தும். இன்றைய ஓட்ட ஷூக்களின் மேல்பகுதி பெரும்பாலும் செயற்கை இழை வலை, அது அவ்வளவாக விரிந்து கொடுக்காது. நீளமோ ஒருநாளும் கூடாது. கடையில் இடிப்பது தெருவில் இன்னும் மோசமாக இடிக்கும், ஏனென்றால் ஓட ஓடக் கால் வீங்கும். நாள் முழுக்க நின்று நடந்தாலும் வீங்கும். அதனால் ஷூ வாங்க மாலையில் போங்கள், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு. நான் போனது காலையில்.

வீட்டிலேயே ஒரு தாளின் மேல் நின்று இரண்டு காலையும் வரைந்து, குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பதும் அபூர்வம், பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். ஷூவைப் போட்டு எழுந்து நின்றால் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் பிடித்தால் அகலமான மாடல் கேளுங்கள், பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து அதன் மேல் நில்லுங்கள். சதை ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்கள் காலுக்கு இல்லை. குதிகால் மட்டும் வழுக்கினால் அதற்காகச் சின்ன எண்ணுக்குப் போகாதீர்கள். மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் துளையில் லேஸைக் கோத்துக் கட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். இதை அந்தக் கடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அகலமான முன்பகுதி உள்ள ஷூவுக்கு மாறி ஏழு வாரம் ஆகிறது. எரிச்சல் நிறையக் குறைந்திருக்கிறது, ஆனால் நீண்ட தூரம் ஓடினால் இன்னும் எட்டிப் பார்க்கிறது. கறுத்த நகம் விழுந்துவிட்டது. முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும் என்றார் மருத்துவர். இப்போது கால்பங்கு வந்திருக்கிறது.