21,700 ரூபாய்க்கு ஒரு செருப்புப் பெட்டி: குட்டி ரயில் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

எனக்குக் குட்டி ரயில் விற்ற ஆளுக்கு நேற்று இரவு 9 மணிக்கு அனுப்பிய செய்திக்கு இன்னும் ஒற்றை டிக்தான் நிற்கிறது. அந்த ஆளின் படத்தையும் காணோம். "பிளாக் பண்ணிட்டாங்கப்பா" என்று சொன்னது என் பத்து வயது மகள். அவள் பார்த்த உடனே சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டது. போனது 21,700 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுத மாட்டேன்.

எனக்குக் கிருஷ்ணகிரி. மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சீசன் மாதங்களில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, லாரி வந்துகொண்டே இருக்கும். அதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் பணம் வரும். வருஷா வருஷம் அது மிக்ஸியாகவோ பள்ளிக் கட்டணமாகவோ மாறிவிடும். இந்த வருஷம் என் மனைவிதான், "ஏங்க, ஒரு தடவையாவது உங்களுக்குன்னு ஏதாவது வாங்கிக்குங்க" என்றாள். அவளை இப்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எனக்கு வேண்டியது ரயில். எங்கள் ஊரில் ரயில் கிடையாது, மாவட்டத் தலைநகராக இருந்தும் கிடையாது. இருந்த ரயிலையும் பிடுங்கிக்கொண்டார்கள். 1905இல் திருப்பத்தூரிலிருந்து இங்கே இரண்டரை அடி அகலத்தில் ஒரு குறும்பாதை போட்டார்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். தாத்தா சிறுவனாக அதைப் பார்த்தவர். "மலையேறும்போது எறங்கி நடந்தாலும் புடிச்சுடலாம்டா" என்பார், எவ்வளவு நிஜமோ தெரியாது. எனக்குக் கிடைத்ததெல்லாம் மொரப்பூரில் தாய்மாமன் வீடு. மே மாத விடுமுறை முழுக்க ஸ்டேஷன் வேலியோரம்தான் கிடப்பேன். நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சரக்கு வண்டியிலிருந்து இரண்டு வேகனைக் கழற்றி, எஞ்சின் பின்னால் வந்து, பாயின்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரிகிற இடம்) மாறி, வேறு பாதையில் தள்ளி விட்டுவிட்டுப் போகுமே, அந்த ஷண்டிங்தான் வேண்டும். கொடியைக் காட்டிக்கொண்டே கூடவே நடக்கிற ஆள்தான் எனக்கு அந்தக் காலத்து நாயகன்.

வீட்டில் இடம் இல்லாதவனுக்கும் இந்த ஆசை தீர வழி இருக்கிறது. ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற குட்டி ரயில் ஷண்டிங் புதிர். இரண்டே பாயின்ட், மூன்று முட்டுப்பாதை. ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வருகிற தலைப்பாதையில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டும் பிடிக்கும். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, அந்த வரிசையிலேயே நீளப் பாதையில் கோத்து நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழி இருக்கிறது. தினம் ஒன்று ஆடினாலும் பதினெட்டு வருஷம் ஓடும். ஜான் ஆலன் என்ற அமெரிக்கர் செய்த டைம்சேவர் என்று இன்னொன்றும் உண்டு, ஐந்து பாயின்ட் வேண்டும். அது நம் பட்ஜெட் இல்லை.

கணக்கு எழுதுகிறவன் இல்லையா, அளவெல்லாம் முதலிலேயே போட்டுவிட்டேன். ஹெச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நாலு சக்கரக் குட்டை வேகன் ஒன்றுக்குக் கொக்கியோடு 9 சென்டிமீட்டர். எஞ்சினுக்கு 12, மூன்று வேகனுக்கு 27, ஆகத் தலைப்பாதைக்கு 39, கொஞ்சம் தாராளமாக 40. பாயின்ட் ஒன்றுக்கு 17 வீதம் 34. கடைசியில் ஐந்து வேகனுக்கு 45. கூட்டினால் 119. நாலடிப் பலகை 122 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் மிச்சம்! ஒரு அடி அகலத்தில் நாலடி பிளைவுட்டை அறுத்துவாங்கி, நாலு ஓரமும் உப்புத்தாள் போட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சாத்தி வைத்தேன். ஆடும்போது கட்டில் மேல், ஆடி முடித்தால் பீரோ சந்தில். இந்த விளையாட்டுக்கு நாலடிப் பலகை போதும் என்பதே எனக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது.

பலகை கிடைக்கும், பசை கிடைக்கும், ஒயர் கிடைக்கும். ரயில் மட்டும் இங்கே கிடைக்காது. பெங்களூரில் தேடி அலைய லீவு இல்லை. அப்போதுதான் கைபேசியில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பொழுதுபோக்கு மாடல்கள் விற்கும் கடை என்று போட்டிருந்தது. விமானம், கார், ரயில், எல்லாமே பளிச்சென்று படம். பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்நேரம் வேறு பெயரில் திறந்திருப்பார்கள்.

விலை குறைவு என்று நான் விழவில்லை. 18,500 ரூபாய் குறைவான விலையே இல்லை. நான் விழுந்தது வேறு இடத்தில். போன் செய்து, "ஷண்டிங் ஆடுறதுக்கு ஒரு சின்ன செட் வேணும்" என்றதும், அந்தப் பக்கம் ஒரு வினாடி அமைதி. "அண்ணா, ஐந்து மூணு மூணா?" என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்குப் புரியுமா தெரியவில்லை. நான்கு வருஷமாக இந்தப் பைத்தியத்தை நான் யாரிடமும் பேசியதில்லை. ஆலையில் சொன்னால் சிரிப்பார்கள். அம்மா, "பொம்மை ரயிலாடா?" என்பார். முகம் தெரியாத ஒருவர் ஐந்து மூணு மூணு என்கிறார். நாற்பது நிமிஷம் பேசினோம். இந்திய ரயில்வேயில் எஞ்சின் பெயரில் டபிள்யூ என்றால் அகலப் பாதை, டி என்றால் டீசல், எஸ் என்றால் ஷண்டிங் என்று எனக்கே பாடம் எடுத்தார். "ஆறு சக்கர ஷண்டர் தரேன் அண்ணா, ஆறு சக்கரத்துலயும் கரன்ட் எடுக்கும், எறும்பு மாதிரி ஊரும்" என்றார். நத்தை என்றோ ஆமை என்றோ சொல்லாமல் எறும்பு என்றாரே என்று அன்றைக்கு ரசித்தேன் வேறு.

யுபிஐயில் நம்பரைப் போட்டால் வேறொரு பெயர் வந்தது. கேட்காமல் இல்லை, கேட்டேன். "மச்சான் அக்கவுண்ட் அண்ணா, கடை அக்கவுண்ட் புதுசா மாத்திட்டு இருக்கோம்." சரி என்று அனுப்பினேன். 18,500. விரல் நடுங்கக்கூட இல்லை.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். சாமான் கஸ்டம்ஸில் நிற்கிறதாம், 3,200 கட்டினால் மறுநாளே விடுவித்துவிடலாமாம். ரசீது கேட்டேன். "பார்சலோட வரும் அண்ணா." இதற்கும் அனுப்பினேன். அனுப்பின கையை வெட்ட வேண்டும். 18,500ம் 3,200ம் 21,700.

பார்சல் வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை. செருப்புப் பெட்டி, மேலே பழுப்பு டேப். வெளிநாட்டுச் சரக்குக்குரிய காகிதம் ஒன்றுகூட இல்லை, உள்ளூர் கூரியர் சீட்டு மட்டும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

வேகன் எட்டு, எண்ணிக்கை சரி. அதில் மூன்று என் அளவைச் சேர்ந்தவை, நான் சொல்வது என் என்கிற ஆங்கில எழுத்து, 160இல் ஒரு பங்கு. அதன் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். 16.5 மில்லிமீட்டர் பாதையில் வைத்தால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பொத்தென்று உட்காருகிறது. மீதி ஐந்தில் இரண்டுக்குக் கொக்கி வேறு மாதிரி, மற்றதோடு சேராது. ஆக என்னிடம் உருப்படியாக இருப்பது மூன்று வேகன். மூன்று வேகனை வைத்து எதைக் குலுக்குவது?

பாயின்ட் இரண்டில் ஒன்றில், பாதை மாற்ற இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர வேண்டிய மெல்லிய தண்டவாளம் ஒடிந்து தனியாகக் கிடந்தது. எஞ்சினுக்கு ஆறு சக்கரம் இல்லை, நாலு. அதிலும் கரன்ட் எடுப்பது இரண்டுதான். பாயின்டில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டுகிற இடம் இதில் பிளாஸ்டிக், கரன்ட் வராது. நீளமான எஞ்சின் என்றால் ஒரு சக்கரம் அங்கே இருக்கும்போது இன்னொன்று வெளியே கரன்ட் எடுத்துக்கொண்டிருக்கும், தாண்டிவிடும். இந்தக் குட்டி எஞ்சின் சரியாக அந்த இடத்தில் வந்து செத்துப்போகிறது. இங்கிள்நூக்கில் ஒரு வேகனை நகர்த்தவே நாலு தடவை பாயின்டைத் தாண்டணும். ஒவ்வொரு தடவையும் விரலால் தள்ளினால் அதற்குப் பெயர் ரயிலா?

கன்ட்ரோலர் என்று சொன்னது டிவி பெட்டிக்குப் போடுகிற 12 வோல்ட் அடாப்டர். செருகினால் எஞ்சின் முழு வேகத்தில் பாய்ந்து பலகையின் ஓரத்தில் போய் முட்டுகிறது. வேகத்தைக் குறைக்கத் திருகு இல்லை, பின்னால் வர வைக்க ஒயரைக் கழற்றி மாற்றி மாட்ட வேண்டும். எறும்பு மாதிரி ஊருமாம்.

அன்றைக்கே படம் எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் நடந்ததுதான் பணத்தைவிட எரிச்சல். முதல் பதில், "செக் பண்ணி சொல்றேன் சார்." கவனியுங்கள், பணம் போகிற வரைக்கும் அண்ணா, போன மறுநாள் சார். நாலு நாள் கழித்து, "பேக்கிங் டீம்ல கேட்டிருக்கேன் சார்." நாற்பது நிமிஷம் தனியாளாகப் பேசியவருக்கு எங்கிருந்து வந்தது டீம்? அப்புறம், "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா சார்? வீடியோ இல்லாம கிளைம் இல்ல." இந்த விதியைப் பணம் வாங்கும்போது சொல்லவே இல்லை. அடாப்டரைப் பற்றிக் கேட்டதற்கு, "12 வோல்ட்தானே சார், ஓடுதுல்ல?" ஓடுகிறது ஐயா, ஓடுவதுதான் பிரச்சினை. கடைசியாக, "துக்க வீட்டுல இருக்கேன் சார், திங்கள்கிழமை பேசறேன்." துக்கம் என்றதும் நான் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். அந்தத் திங்கள் போய் அடுத்த திங்களும் போய், நேற்று ஒற்றை டிக்.

என் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. "21,700ல அரைப் பவுன்கூட வராதுங்க, விடுங்க" என்றாள். அது ஆறுதலா, குத்தலா என்று கேட்கத் தைரியம் இல்லை.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாகப் பத்து குறிப்பு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கடைப் பெயர் ஒன்றும் கணக்கின் பெயர் வேறொன்றுமாக இருந்தால் அனுப்பாதீர்கள். எஞ்சின் மெதுவாக ஊர்ந்து பாயின்டைத் தாண்டுகிற வீடியோவை உங்கள் பெயர் எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். கஸ்டம்ஸ் என்று இரண்டாவது முறை பணம் கேட்டால் ரசீதைக் கையில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. நான் துக்க வீடு, திங்கட்கிழமை என்று மூன்று வாரம் காத்திருந்துவிட்டு இன்று காலைதான் கூப்பிட்டேன். பொருள் மோசம் என்கிற புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் பதிந்திருக்கிறேன்.

இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் பணம் போன அன்றைய வங்கிக் கணக்கு விவரத்தை முத்திரையோடு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். மணி மூன்றாகிறது, வங்கியில் கூட்டம் இருக்கும். கிளம்புகிறேன்.